நாலரை மணிச் சங்கு

மலேசியாவில் தைப்பிங்கிலிருந்து மெட்ராசுக்கு நான் கொண்டு போன பெட்டிகள் இரண்டு. ஒன்றில் என் துணிமணி, கொஞ்சம் பிஸ்கட், தெரிந்தவர்கள் தங்கள் சொந்தக்காரர்களிடம் சேர்க்கச் சொன்ன தைலப் புட்டிகள். இன்னொன்று காலி. மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி அந்தக் காலிப் பெட்டியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்து உள்துணியைத் தடவிப் பார்த்தார். வெளிநாட்டிலிருந்து ஒரு மனுஷி காலிப் பெட்டியோடு வந்து இறங்குவதை அவர் சர்வீசில் பார்த்ததில்லை போலிருக்கிறது. திரும்பும்போது நிரப்பிக்கொண்டு போகத்தான் என்றேன். எதை வைத்து நிரப்புவீர்கள் என்று கேட்டார். என் தங்கச்சியின் சேலைகளை என்றேன். போகச் சொல்லிவிட்டார்.

நான் சொன்னது உண்மைதான். தங்கை லூர்துமேரியைக் கையோடு அழைத்துப் போகத்தான் வந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் வேலை பெர்மிட் கிடைக்காதவர்கள் கப்பலேறியபோது அப்பாவோடு அவளும் ஏறினாள். எனக்குக் கல்யாணமாகிக் குடியுரிமையும் இருந்ததால் நான் தங்கிவிட்டேன். அவள் அம்பத்தூரில் ஒரு கம்பெனித் தொழிலாளியைக் கட்டிக்கொண்டாள். சேவியர் என்று பெயர். பிள்ளை இல்லை. எண்பதுகளின் கடைசியில், நான் இந்தப் பயணம் கிளம்புவதற்கு முந்தைய வருஷம், அவர் வேலை செய்த கம்பெனியில் தீப்பிடித்தது. உள்ளே இறந்தவர்களில் சேவியரும் ஒருவர். அதற்குப் பிறகு அவளிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. எங்கள் சர்ச்சுப் பங்கிலிருந்து மெட்ராஸ் போய் வந்த ஒருவர், உங்கள் தங்கை வாசலுக்குக்கூட வருவதில்லை என்று சொன்னார். அன்றைக்கே போய் அந்தப் பெட்டியை வாங்கினேன்.

என் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றவர் தேவராஜ். சேவியரோடு வேலை செய்தவர். இப்போது அதே தெருவின் முதல் வீட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். வலது கையில் மணிக்கட்டிலிருந்து தோள் வரை தோல் சுருங்கிக் கிடந்தது. நான் பார்க்காதது போலப் பார்த்தேன். அவரும் காட்டாதது போல இரண்டு பெட்டிகளையும் இடது கையிலேயே மாற்றி மாற்றித் தூக்கினார். காலிப் பெட்டியைத் தூக்கியபோது மட்டும் ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

டாக்சியின் ஒரு கதவு கயிற்றால் கட்டியிருந்தது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எங்கள் ஊரில் ஒருவர் ஹாரன் அடித்தால் சண்டைக்கு அழைக்கிறார் என்று அர்த்தம். இங்கே நான் வருகிறேன் என்று சொல்வதற்கே அடிக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதால் எல்லோரும் அடிக்கிறார்கள்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால், கல்நார்க் கூரையும் ஓடும் கலந்த வீடுகள். மூன்றாவது குறுக்குத் தெரு. இரண்டு பக்கமும் சேர்த்து முப்பது வீடுகள் இருக்கும். லூர்து கதவுக்கு உள்ளேயே நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். கட்டிப் பிடித்து அழலாம் என்று விமானத்திலிருந்தே தயாராகி வந்தவள் நான். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, இப்டி ஊதிக்கீற?” என்றாள். எனக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்தது. தைப்பிங்கில் கான்வென்ட் மலாயும் தோட்டத்துத் தமிழும் பேசிய பெண், இப்படி அசல் மெட்ராஸ்காரி ஆகியிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

பேச்சு அதோடு தீர்ந்துவிட்டது. அவள் சமைத்தாள், பரிமாறினாள், நான் கேட்டதற்கு ஆமாம் இல்லை என்றாள். சேவியரின் படம் சுவரில் மாதாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் பக்கம் அவள் திரும்பவில்லை. நான் பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்துகிறவள். சாப்பாட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். மீன் குழம்பில் உப்பு இல்லை. சொன்னேன். அப்படியா என்றாள்.

சாயங்காலம் நாலரைக்குச் சங்கு ஊதியது. கம்பெனிச் சங்கு, வேலை முடிந்ததற்கு. சத்தம் எழும்பியதும் லூர்து கையிலிருந்த முறத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். குளியலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தால், தெரு முழுக்க ஆட்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் யாராவது ஒருவர் நின்றிருந்தார்.

தெருமுனையில் தேவராஜ் எதிர் வீட்டைப் பார்த்து, “கீறியா?” என்றார். எதிர் வீட்டில் இஸ்திரி போடும் முனுசாமி, “கீறேன்” என்றார். இருக்கிறாயா, இருக்கிறேன் என்பதற்கு மெட்ராஸ் பேச்சு. முனுசாமி உடனே இந்தப் பக்கத்து அடுத்த வீட்டைப் பார்த்துக் கேட்டார். அங்கிருந்து ஒரு பெண், கீறேன் என்றாள். அவள் எதிர்ப்பக்கத்தைக் கேட்டாள். கேள்வி இப்படியே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறித் தெருவில் இறங்கி வந்தது. எங்கள் வீட்டைப் பார்த்து யாரோ, “லூர்து, கீறியா?” என்று கேட்டார்கள். நான் திகைத்து நின்றேன். எதிர் வீட்டு வாசலில் சாணிக் கையோடு நின்ற ஒரு பெண், “அவ கீறா” என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டை அவளே கேட்டாள். கேள்வி தெருக் கோடி அடிபம்பு வரை போய்ச் சேர்ந்தபோது சங்கு நின்றது. எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள்.

அந்தச் சாணிக் கைக்காரி கன்னியம்மா. தொழிற்பேட்டை வருவதற்கு முன்பு அந்த மண்ணில் பயிர் வைத்த குடும்பம். இப்போது நிலம் போய் மூன்று மாடுகளும் இந்த வீடும் மிச்சம். காலையில் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, அடுப்படியில் பாலை வைத்துவிட்டு, லூர்து தூங்கினாளா, சாப்பிட்டாளா என்று என்னைக் கேட்டாள். லூர்து இரண்டடி தள்ளித்தான் நிற்கிறாள். நான் கொஞ்சம் விறைப்பாகவே பதில் சொன்னேன். தைப்பிங்கில் என் எதிர் வீட்டில் ஒரு சீன அம்மா இருக்கிறாள். என்னைப் போலப் புருஷனை இழந்தவள், தனி ஆள். வாசலில் பார்த்தால் இருவரும் தலையாட்டிக்கொள்வோம். ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போனதில்லை. அதை மரியாதை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

அடுத்த இரண்டு நாட்களும் அதே கதை. காலையில் அடிபம்பில் குடத்தோடு வரிசை. எங்கள் தைப்பிங்கில் தினம் மழை. தண்ணீருக்காகக் கை வலிப்பது எனக்குப் புது அனுபவம். முனையில் ஒரு டீக்கடையில் இட்லிக்கு வடகறி ஊற்றிக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்கு நாங்கள் ஊற்றும் பருப்பெல்லாம் அதன் முன்னால் வெறும் தண்ணீர். எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்குக் கடைக்காரர், நேற்று மிஞ்சிய வடையைத் தூக்கிப் போட மனசு வரவில்லை என்றால் தானாக வரும் என்றார். மதியம் லூர்துவிடம், என்னோடு வந்துவிடு, கேன்டீனில் எனக்கும் ஆள் வேண்டும் என்றேன். “பாக்கலாம்கா” என்றாள். நாலரைக்குச் சங்கு. அவள் குளியலறைக்கு ஓட்டம். தெருவில் கீறியா, கீறேன்.

எனக்குக் கோபம் வந்தது. ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு உள்ளே நடுங்குகிறாள், வெளியே ஊரே கூடித் தினமும் அந்த நாளை ஞாபகப்படுத்துகிறது. ஆறுகிற புண்ணை ஆற விடாமல் கிளறுகிற வேலை இது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் நேராகச் சைக்கிள் கடைக்குப் போய்த் தேவராஜிடம் சொன்னேன். இதை நிறுத்துங்கள், அல்லது என் தங்கை வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டைக் கேளுங்கள்.

அவர் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பங்சர் பார்க்க ஒரு ட்யூபில் காற்றடித்துக்கொண்டே பேசினார். வேலை முடிகிற சங்கு ஊதியபோதுதான் தீப்பிடித்ததாம். வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் நிற்கிற சங்கு அன்றைக்கு நிற்கவே இல்லை. தெருவில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம்தான் சேதி.

“உள்ள பொக மூடிக்கிச்சும்மா. ஒண்ணும் தெரில. சொவத்தப் புடிச்சிகினு, ஆளுக்கு ஆளு கீறியா கீறியான்னு கேட்டுகினே வந்தோம். எனக்குப் பின்னால சேவியர் அண்ணாத்த. நான் கேட்டேன், கீறேன்னாரு. மறுபடி கேட்டேன், கீறேன்னாரு. மூணாந்தபா கேட்டேன்.”

அங்கே நிறுத்தி, ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். குமிழி எங்கே வருகிறது என்று வெகு நேரம் பார்த்தார்.

மீதியையும் அவரே சொன்னார். கம்பெனியை மறுபடி திறந்த அன்று சாயங்காலம், நாலரைச் சங்கு கேட்டதும், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் தெருவுக்கு ஓடி வந்து எதிர் வீட்டைப் பார்த்துக் கீறியா என்று கத்தியிருக்கிறார். வேறு தெருவாக இருந்தால், ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உள்ளே இழுத்துப் போய்ப் படுக்க வைத்திருப்பார்கள். முனுசாமி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “கீறேன் நைனா” என்று சொன்னாராம். அப்படியும் இவர் நடுக்கம் நிற்கவில்லை. அதனால் முனுசாமி, இதோ பார் எல்லோரும் இருக்கிறார்கள் என்று காட்டுவதற்காக அடுத்த வீட்டைக் கேட்டார். அந்த வீட்டு ஆள் வந்து பதில் சொல்லி அதற்கடுத்த வீட்டைக் கேட்டார். மறுநாளும் அப்படியே. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை நன்றாகத் தூங்க வைத்தது, ஆனால் நாலரை மணிக்கு முழித்துக்கொண்டுதானே இருப்பேன் என்றார். கேட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம், சங்கு ஊதும்போதெல்லாம் தெருவில் எல்லா வீட்டிலும் அவரவர் தனித்தனியாக நடுங்கிக்கொண்டிருந்தார்கள் என்று.

கீறேன் என்பது சேவியரின் கடைசி வார்த்தை. லூர்துவுக்கும் அது தெரியும். தேவராஜே ஆஸ்பத்திரியில் அவளிடம் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையை அவள் வாயால் சொல்லச் சொல்லித்தான் தெரு தினமும் கேட்கிறது. அப்படியானால் அவளை விட்டுவிடலாமே என்றேன், இந்த முறை கெஞ்சலாக.

“ஊட்டத் தாண்டிப் போ முடியாதும்மா. நாங்க தாண்டினா, அந்தம்மாவும் இல்லன்னு ஆய்டும்.”

எழுந்து வந்தேன். ஆனால் மனசு மாறவில்லை. இவர்களுக்கு இது மருந்தாக இருக்கலாம், என் தங்கைக்கு இது ஆகாது என்று நினைத்தேன். அன்று மதியம் காலிப் பெட்டியைத் திறந்து, அவள் அலமாரியிலிருந்து நான்கைந்து சேலைகளை எடுத்து நானே மடித்து வைத்தேன். அவள் தடுக்கவில்லை. ஒத்தாசைக்கும் வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, வேறு யாருடைய சேலையையோ யாரோ மடிப்பதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தைலப் புட்டிகளைக் கொடுக்க வேண்டிய ஆட்கள் சென்னீர்குப்பத்தில் இருந்தார்கள். பூந்தமல்லிக்குப் பக்கத்தில், பெங்களூர் ரோட்டின் மேல். நான் கிளம்பிய காலையில் கன்னியம்மாவும் கிளம்பினாள். திருவள்ளூரில் அவள் மகளுக்கு வலி எடுத்துவிட்டதாகச் சேதி வந்திருந்தது. வீட்டைப் பூட்டிய பிறகு, தெருவைக் கடந்து என்னிடம் வந்தாள். “சாங்காலம் சங்குக்கு நீ சொல்லிடுக்கா. அவ கீறான்னு” என்றாள். நான் மூன்று மணிக்கெல்லாம் வந்துவிடுவேன் என்றேன். சொன்னது கொஞ்சம் அலட்சியமாகத்தான். அவள் போகாமல் நின்றாள். மறக்க மாட்டேன் என்ற பிறகுதான் போனாள்.

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு மின்சார ரயில். பெண்கள் பெட்டியில் என்னை ஏற்றியது என் கால்கள் அல்ல, பின்னாலிருந்த கூட்டம். உள்ளே பூக்காரி ஒருத்தி, இத்தனை நெரிசலிலும் மடியில் கூடையை வைத்துக் கட்டிக்கொண்டே வந்தாள். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டு, ஆவடி வருவதற்கு முன்பே என்னைக் கதவுப் பக்கம் தள்ளிவிட ஆளாளுக்குச் சொல்லி வைத்தாள். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு பஸ். பூந்தமல்லி பஸ் நிலையம் பெரியது. எந்த ஊர் பஸ் எங்கே நிற்கும் என்பது அதில் ஏறுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். மூன்று பேரைக் கேட்டேன். மூன்று பேரும் மூன்று பக்கம் கை காட்டினார்கள். நாலாவது ஆள் கையைப் பிடித்து அழைத்துப் போய் ஏற்றிவிட்டார்.

சென்னீர்குப்பத்துக்காரர்கள் தைலத்தை வாங்கிக்கொண்டு என்னை விட்டிருக்கலாம். நான் போன பிறகு கோழியைப் பிடித்தார்கள். வேண்டாம் என்றால் மனம் நோகும். கேன்டீன்காரி என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கோழிக் குழம்புக்காகக் காத்திருந்ததில் தப்பே இல்லை. ஆனால் கை கழுவி எழுந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

ஆவடிக்குத் திரும்பிய பஸ் பருத்திப்பட்டு ஏரிப் பக்கத்தில் ஒரு தரம் இருமிவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்தார். கண்டக்டர் பத்து நிமிஷம் என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் இறங்கி ஆளுக்கொரு மர நிழலைப் பிடித்ததிலிருந்தே, பத்து நிமிஷத்தின் நீளம் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ரோட்டில் நின்று போகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினேன். கடைசியில் நின்றது ஒரு மீன்பாடி வண்டி: முன்னால் பலகை, பின்னால் ஒரு பழைய மோட்டார், நடுவில் லுங்கி கட்டிய ஒருவர். பலகையில் ஏற்கெனவே நாலு இரும்புக் கட்டில்கள் இருந்தன. “குந்துமா, கெட்டியாப் புடிச்சிக்க” என்றார். தைப்பிங்கில் மாதா சங்கத்துக்குச் செயலாளராக இருப்பவள், பட்டுக்கரைச் சேலையோடு, இரும்புக் கட்டிலைக் கட்டிப் பிடித்தபடி ஆவடிக்குள் நுழைந்தேன். சிரித்தவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு நாலரைதான் கண்ணுக்குள் நின்றது.

ஆவடி பிளாட்பாரத்துக்கு ஓடி வந்தபோது ரயில் வால் காட்டிக்கொண்டிருந்தது. அடுத்த ரயிலுக்கு முன்னால் நீளமான சரக்கு ரயில் ஒன்று போனது, போய்க்கொண்டே இருந்தது. அப்போது எங்கோ தூரத்தில் சங்கு ஊதியது. எந்தக் கம்பெனிச் சங்கோ தெரியாது. கடிகாரத்தைப் பார்த்தேன், நாலரை. மூன்றாவது குறுக்குத் தெருவில் இப்போது கேள்வி இறங்கி வந்துகொண்டிருக்கும். கன்னியம்மா வீடு பூட்டிக் கிடக்கிறது. நானும் இல்லை. எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும், பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள். என்னை அறியாமல் வாய்விட்டு, “அவ இருக்கா, அவ இருக்கா” என்றேன். பக்கத்தில் வேர்க்கடலை விற்றவர், யாரைத் தேடுகிறீர்கள் அம்மா என்று கேட்டார்.

அம்பத்தூரில் இறங்கி, ஓட்டமும் நடையுமாகத் தெருமுனைக்கு வந்தேன். சங்கு ஓய்ந்து எத்தனையோ நேரமாகியும் ஆட்கள் வாசலை விட்டு உள்ளே போகவில்லை. கூட்டம் கூட்டமாக நின்று தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் தங்கை வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. குளியலறையும் காலி. வெளியே ஓடி வந்து, லூர்து எங்கே என்று கேட்டேன். முனுசாமி இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, சைக்கிள் கடைப் பக்கம் கை காட்டினார்.

தேவராஜ் எனக்குத் துடைத்துப் போட்ட அதே ஸ்டூலில் உட்கார்ந்து, லூர்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். தலைமுடி ஈரம். வாசலுக்கே வராதவள், தெருவின் முதல் வீட்டில்.

நடந்ததைத் தேவராஜ்தான் சொன்னார். கேள்வி இறங்கி வந்து எங்கள் வீட்டில் நின்றிருக்கிறது. லூர்து, கீறியா? பதில் இல்லை. கன்னியம்மா ஊரில் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். யாராவது ஒருவர், அவ கீறா என்று சொல்லியிருக்கலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த வீட்டையும் கேட்கவில்லை. சங்கு நின்றுவிட்டது. முதன்முறையாகக் கேள்வி பாதித் தெருவில் நிற்க, சங்கு முந்திக்கொண்டது. அப்படியும் யாரும் நகரவில்லை, அப்படியே நின்றார்கள். பிறகு கதவு திறந்தது. லூர்து படியிறங்கி வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கீறேன் என்றாளாம். அப்புறம் அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பி அவளே கேட்டாளாம். அடுத்த வீட்டுக்காரர் லாரி டிரைவர், ஆறடி ஆள். பதில் சொல்வதற்கு முன்னால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார் என்றார் தேவராஜ்.

எப்படி வந்தாய் என்று அவளிடம் கேட்டேன். எதையோ பெரிதாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

“உன்னத் தேடிகினுதான் வந்தேன்கா. மூணு மணிக்கு வரேன்னு போன. சங்கு ஊதியும் உன் சத்தமே காணோம், பஸ்ல இன்னா ஆச்சோன்னு பயந்துட்டேன். வெளிய வந்தா எல்லாம் நின்னுகினு கீறாங்க. கேக்கறாங்களேன்னு சொன்னேன்” என்றாள். சொல்லிவிட்டு டீயை முடித்தாள்.

அன்று ராத்திரி மீன் வறுவலில் உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

கன்னியம்மா மறுநாள் திரும்பி வந்தாள். பேரன் பிறந்திருந்தான். தெருவுக்குள் நுழையும்போதே யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் பையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, லூர்துவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, மாட்டைப் பார்க்கப் போனாள். அன்றைக்கு நாலரைக்கு லூர்து குளியலறைப் பக்கம் இரண்டடி வைத்தாள். நின்றாள். திரும்பி வந்து வாசலில் நின்றாள். மறுநாள் வரவில்லை, கன்னியம்மா பதில் சொன்னாள். அதற்கடுத்த நாள் வந்தாள். இது அப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள், பெட்டியைத் திறந்து வைத்து, கடைசியாக ஒரு முறை கேட்டேன். வருகிறாயா? லூர்து தன் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். “நான் வந்துட்டா, கேள்வி இந்த ஊட்டாண்ட வந்து நின்னுடும்கா” என்றாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கிடைத்த தங்கை. ஆனால் காலியான பெட்டியைப் பார்த்தபோது, அந்தத் தெருவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அதைக் காலியாகக் கொண்டு போகத் தெரு விடவில்லை. கன்னியம்மா வடகமும் மோர் மிளகாயும் கொண்டு வந்தாள். லாரி டிரைவர் வீட்டிலிருந்து முறுக்கு. டீக்கடைக்காரர் வடகறிப் பக்குவம் சொன்னார். அன்றைக்குச் சொன்ன அதே பதில்தான், இந்த முறை பட்டை, சோம்பின் அளவோடு.

அன்றைய சங்குக்கு நானும் லூர்துவும் வாசலில் நின்றோம். கேள்வி இறங்கி வந்தது. அவள், கீறேன் என்றாள். அடுத்த வீட்டைக் கேட்க வேண்டியவள் என் பக்கம் திரும்பினாள். “அக்கா, கீறியா?” என்றாள்.

என் புருஷன் காலமானபோது தைப்பிங்கில் நிறையப் பேர் வந்தார்கள். சாப்பாட்டைக் கேன்டீனிலிருந்து நானே ஏற்பாடு செய்தேன். நன்றாக நடத்தினாய் என்றார்கள். இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்றும் தெரியாது. தெரு காத்திருந்தது. லாரி டிரைவர் தன் முறைக்கு நின்றிருந்தார். “கீறேன்” என்றேன், அவர்கள் பாஷையிலேயே. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. லூர்து லாரி டிரைவரைக் கேட்டாள்; கேள்வி அடிபம்பு வரை போனது.

அங்கே நாலரை என்றால் தைப்பிங்கில் ஏழு மணி. திரும்பி வந்த முதல் வாரத்தில், அந்த நேரமானால் கையிலிருப்பதை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பேன். எதற்கு வந்தேன் என்று தெரியாமல் கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே போவேன். எதிரே சீன அம்மா பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். இருவரும் தலையாட்டிக்கொள்வோம்.

ஒரு நாள் நான் ரோட்டைக் கடந்து அவள் வேலியோரம் போய் நின்றேன். பைத்தியம் என்று நினைப்பாள், நினைக்கட்டும். மலாயில் கேட்டேன், இருக்கிறாயா? எங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயர் கூப்பிடும்போது பிள்ளைகள் சொல்கிற சின்ன வார்த்தைதான் அதற்குப் பதில். அவள் வாளியைக் கீழே வைத்தாள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பின்னால் திரும்பி, இருட்டத் தொடங்கியிருந்த தன் வீட்டை ஒரு முறை பார்த்தாள்.

“அடா” என்றாள். இருக்கிறேன்.

பிறகு அவளும் என்னைக் கேட்டாள்.